நிலக்கரி ஊர்களின் ஆங்கிலம்

இங்கிலாந்தின் வடகிழக்கில், டர்ஹம் கடற்கரையோரச் சுரங்க ஊர்களில், வயதானவர்கள் வலியை ‘வார்க்’ என்பார்கள். தலைவலி ‘ஹீட் வார்க்’. வயிற்றுவலி ‘பெல்லி வார்க்’. பழைய ஆங்கிலத்தில் வலிக்கு இருந்த சொல் அது. லண்டன் அதை எப்போதோ கைவிட்டுவிட்டது, சுரங்கத் தொழிலாளி வீடுகள் கைவிடவில்லை. காது ‘லக்’, அக்குள் ‘ஆக்ஸ்டர்’, விரலில் ஏறும் மரச்சிராய் ‘ஸ்பெல்க்’. ராத்திரி முழுக்க வாந்தி எடுத்தவர், ‘ஹாயிங் அப் ஆல் நீட்’ என்பார். ஹாய் என்றால் எறிவது. நீட் என்றால் இரவு. கால் மரத்துப்போனால் ‘டீட்’, அதாவது செத்துப்போய்விட்டது. 2003-ல் நாகர்கோவிலிலிருந்து அந்தப் பக்கத்து மருத்துவமனை ஒன்றுக்குச் செவிலியராகப் போன எனக்கு, உடலின் உறுப்புகளையும் உபாதைகளையும் இந்தச் சொற்களில் மறுபடி படிக்க வேண்டியிருந்தது.

அந்த ஆண்டுகளில் இங்கிலாந்து அரசு மருத்துவமனைகள் இந்தியாவிலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் செவிலியர்களை ஆயிரக்கணக்கில் எடுத்துக்கொண்டிருந்தன. எங்களை வரவேற்ற அதிகாரிகள் தெளிவான, பாடப்புத்தக ஆங்கிலத்தில் பேசினார்கள். அது எங்களுக்கு நன்றாகவே புரிந்தது. முதியோர் வார்டுக்குள் நுழைந்தபிறகு கேட்ட பேச்சு வேறு. சொற்களுக்கு நடுவே இருக்க வேண்டிய ‘ட்’டும் ‘க்’கும் தொண்டைக்குள் வெட்டுப்பட்டு நின்றன. வாக்கியம் முடியும் இடத்தில் குரல் இறங்காமல் ஏறியது. ஹவுஸ் ‘ஹூஸ்’ ஆனது, டவுன் ‘டூன்’ ஆனது.

கட்டில்களில் இருந்தவர்களில் பாதிப்பேர் நிலத்தடியில் வேலை பார்த்தவர்கள். ஈசிங்டன், ஹார்டன், மர்ட்டன், சீயம் என்று கடலோரம் நெடுகச் சுரங்க ஊர்கள். ஈசிங்டனில் சுரங்கம் கடலுக்கு அடியிலேயே மைல்கணக்கில் ஓடியது. 1951-ல் அங்கே நடந்த வெடிவிபத்தில் 83 பேர் இறந்தார்கள். 1993-ல் அதை மூடிவிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சண்டர்லாந்தின் வியர்மவுத் சுரங்கமும் மூடப்பட, டர்ஹம் நிலக்கரி வயலின் கதை முடிந்தது. வேலை போய்ப் பத்து வருஷம் ஆகியும் அந்த மனிதர்களின் நுரையீரலில் தூசி இருந்தது. முதுகிலும் புறங்கையிலும் பச்சை குத்தியதுபோல நீலத் தழும்புகள். பாறை கிழித்த காயத்துக்குள் நிலக்கரித்தூள் தங்கி, அதன்மேல் தோல் மூடிக்கொண்டதால் வந்த நிறம். குளிப்பாட்டும்போது ஒவ்வொரு தழும்பையும் தொட்டு, எந்தச் சுரங்கம், எந்த வருஷம் என்று சொல்வார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பேச்சு பிடிபட்டது.

என் உண்மையான ஆசிரியர் வார்டின் உதவியாளர் ஒரு பெண்மணி. ஐம்பதைக் கடந்தவர். அப்பா, கணவர், அண்ணன்மார் எல்லாரும் சுரங்கத்தில் இருந்தவர்கள். 1984-85 வேலைநிறுத்தத்தில் ஊர்ப் பொதுச் சமையலறையில் நின்று வாணலி வாணலியாகச் சமைத்தவர். ஒவ்வொரு நாளும் டியூட்டி மாறும்போது என்னை ஓரமாக அழைத்து, யார் என்ன சொன்னார்கள், அதற்கு என்ன பொருள் என்று சொல்லிக்கொடுப்பார். “இங்க பாரு பெட், எங்க ஆளுங்க வலிக்குதுன்னு சொல்லமாட்டாங்க. ‘கேனி’ன்னு சொன்னா பரவாயில்லை. ‘நீ பாதர்’னு சொன்னா கொஞ்சம் கவனி. ‘நாட் ஓவர் கிளெவர்’னு சொன்னா டாக்டரைக் கூப்பிடு.” கடைசியாகச் சொன்னதை இரண்டு தடவை சொன்னார்.

பெட் என்பது செல்லமாக அழைக்கும் சொல். ஹின்னி, ஃபிளவர், பானி லாஸ் என்று இன்னும் பல உண்டு. எங்கள் ஊரில் முன்பின் தெரியாத பெண்பிள்ளையையும் ‘மக்ளே’ என்று கூப்பிடுவார்களே, அந்த வாஞ்சைதான். வீட்டை விட்டு வந்த முதல் மாதத்தில் ஒரு நாளைக்கு நூறு தடவை யாராவது பெட் என்று அழைப்பது எவ்வளவு தெம்பு தந்தது என்று சொல்லி முடியாது.

உதவியாளர் அம்மா சொன்னது ஒரு நவம்பர் மாதம் உதவியது. எழுபத்தெட்டு வயதுப் பெரியவர், நுரையீரல் நோயாளி. காலை ரவுண்டில் தெற்கிலிருந்து வந்திருந்த இளம் டாக்டர், எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டார். பெரியவர், “ஆம் நாட் ஓவர் கிளெவர் த டே” என்றார். டாக்டர் அன்பாகவே சிரித்து, இங்கே யாரும் புத்திசாலியாக இருக்க வேண்டியதில்லை என்று தோளைத் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். பெரியவர் திருத்தவில்லை. அவர் தலைமுறை டாக்டரைத் திருத்தாது. முகத்தைப் பார்த்தேன், உதட்டோரம் சாம்பல் நிறம் தட்டியிருந்தது. போர்வைக்கு வெளியே கிடந்த விரல்கள் சில்லென்று இருந்தன. ஆக்சிஜன் அளவு 79-க்கு இறங்கியிருந்தது. காய்ச்சல் ஏறத் தொடங்கியிருந்தது. டாக்டரைத் திரும்ப அழைத்தேன். “இன்று உடம்பு ரொம்ப முடியவில்லை என்று சொன்னார்” என்றேன். அவர் உடனே வந்தார், மார்புக்குள் நிமோனியா தொடங்கியிருந்ததைக் கண்டுபிடித்தார், மருந்து ஏறியது. பெரியவர் இரண்டு வாரத்தில் வீட்டுக்குப் போனார். டாக்டர் நல்லவர், திறமையானவரும்கூட. ஆங்கிலமே தாய்மொழியான அவருக்கு இன்னொரு ஆங்கிலக்காரரின் வாக்கியம் பிடிபடவில்லை, கன்னியாகுமரிக்காரிக்குப் பிடிபட்டது. ஒருத்தி உட்கார்ந்து சொல்லிக்கொடுத்திருந்தாள், நான் கேட்டிருந்தேன். அதற்கு மேல் அதில் மர்மம் எதுவும் இல்லை.

இதே நிலையை அதற்கு முன்பே சென்னையில் பயிற்சிக் காலத்தில் பார்த்திருக்கிறேன். தெற்கிலிருந்து வந்த பாட்டிகள், ‘மேலுக்குச் சொகமில்ல’ என்பார்கள். மேல் என்றால் எங்களுக்கு உடம்பு. பயிற்சி டாக்டர், ‘மேலே எங்க வலிக்குது பாட்டி?’ என்று நெஞ்சையும் தலையையும் தொட்டுப் பார்ப்பார். என் பேச்சைக் கேட்டு அங்கே வகுப்பே சிரித்ததும் உண்டு. ஆனால் அந்தப் பாட்டிகள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டார்கள். நோய் வந்தால் மனிதருக்குக் கற்ற மொழி உதிர்ந்துவிடும், பிறந்த வீட்டுப் பேச்சுதான் வாயில் வரும் என்பதை அங்கே தெரிந்துகொண்டேன். டர்ஹமில் அது உறுதியானது. தொலைபேசியில் அரசாங்க ஆபீஸோடு பேசும்போது பதவிசான ஆங்கிலம் பேசக்கூடியவர்கள்கூட, மூச்சுத்திணறல் வந்த ராத்திரியில் ‘கானின் ஹ்யெம்’ என்றுதான் முனகினார்கள். வீட்டுக்குப் போகிறேன் என்று பொருள்.

வடகிழக்கு முழுக்க எல்லாருக்கும் தெரிந்த ஒரு நகைச்சுவை இருக்கிறது. நியூகாசில் பக்கத்துப் பழைய பேச்சில் வேலையை ‘வோக்’ என்பார்கள், நடையை ‘வாக்’ என்பார்கள். லண்டன்காரர் நடையைத்தான் ‘வோக்’ என்பார். காலில் அடிபட்ட தொழிலாளியிடம் தெற்கத்தி டாக்டர், “வோக் முடியுமா?” என்று கேட்கிறார். தொழிலாளி, “வோக்கா? எனக்கு வாக்கே முடியவில்லையே!” என்கிறார். நடக்கவே முடியாதவனை வேலைக்குப் போகச் சொல்கிறாரே என்று அவனுக்குத் திகைப்பு. ஸ்காட் டாப்ஸன் என்பவர் 1969-ல் ‘லார்ன் யெர்செல் ஜோர்டி’ என்று ஒரு சின்னப் புத்தகம் போட்டு இந்தப் பேச்சை வேடிக்கையாகப் பரப்பினார். நியூகாசில் பேச்சுக்கும் ஆட்களுக்கும் ஜோர்டி என்று பெயர். வார்டில் இந்த நகைச்சுவையைச் சொல்லாத நோயாளி இல்லை. ஒவ்வொரு முறையும் சிரித்தேன். அடிபட்ட மனிதனிடம் முதலில் கேட்கப்படுவது அவன் வேலைக்கு ஆவானா என்பதுதான் என்ற பழைய அனுபவம் அதற்குள் இருக்கிறது என்றும் தோன்றும்.

ஊர்க்காரர்களிடம் கேட்டால் எல்லாச் சொல்லும் வைக்கிங்குகள் கொடுத்தவை என்பார்கள். பேர்ன் என்றால் குழந்தை, ஹ்யெம் என்றால் வீடு. டென்மார்க், நார்வேக்காரர்களும் ஏறத்தாழ இப்படித்தானே சொல்கிறார்கள் என்பது அவர்கள் வாதம். அதில் ஆசைதான் அதிகம். டைன், வியர் ஆறுகளின் கரையில் வைக்கிங் குடியேற்றம் குறைவு. பேர்ன், கான் போன்றவை ஆங்கிள் குடிகள் பேசிய பழைய ஆங்கிலத்திலிருந்தே நேராக வந்தவை. ஹூஸ், டூன் என்ற உச்சரிப்பும் கெட்டுப்போன உச்சரிப்பு இல்லை. ஒரு காலத்தில் இங்கிலாந்து முழுக்க அப்படித்தான் சொன்னார்கள். தெற்கில் உயிரொலி மாறியது, வடக்கில் மாறாமல் நின்றது. சண்டர்லாந்தில் என் வாடகை வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் புனித பீட்டர் தேவாலயம் இருந்தது. 674-ல் தொடங்கிய மடம் அது. ஏழு வயதில் அங்கே கொண்டுவந்து விடப்பட்ட சிறுவன்தான் பின்னாளில் ஆங்கிலேயரின் திருச்சபை வரலாற்றை எழுதிய பீட். எழுதியது லத்தீனில். வாயில் இருந்தது இந்த மண்ணின் ஆங்கிலம். அந்தப் பேச்சின் வழிவந்தவர்களைப் பார்த்து ஒழுங்காக ஆங்கிலம் பேசு என்று சொல்பவர்கள்மேல் எனக்கு இன்றும் கோபம் வரும்.

அப்படிச் சொல்வது புதிதும் அல்ல. ரயில் எஞ்சின்களால் உலகப் புகழ் பெற்ற ஜார்ஜ் ஸ்டீஃபன்ஸன் 1781-ல் டைன் கரையில் வைலம் என்ற ஊரில் பிறந்தவர், சுரங்கத்தில் வளர்ந்தவர். 1825-ல் லிவர்பூல்-மான்செஸ்டர் ரயில் பாதைக்கான மசோதாவுக்காக நாடாளுமன்றக் குழுமுன் சாட்சி சொல்லப் போனார். அவருடைய பேச்சைக் கேட்டுவிட்டு, இவர் வெளிநாட்டவரா என்று ஓர் உறுப்பினர் கேட்டதாக, அவர் வாழ்க்கையை எழுதிய சாமுவேல் ஸ்மைல்ஸ் பதிவு செய்திருக்கிறார். நில அளவையிலும் பிழைகள் இருந்தன, வழக்கறிஞர்கள் துளைத்தெடுத்தார்கள், மசோதா தோற்றது. அடுத்த ஆண்டு நிறைவேறி, 1830-ல் பாதை திறந்தது. அந்த மனிதரைத்தான் அயலான் என்றார்கள், சொந்த நாட்டின் தலைநகரில்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு வடகிழக்குக்காரர் எல்லாரும் ஜோர்டிதான். சண்டர்லாந்தில் ஒருவரை அப்படிச் சொல்லிவிட்டால் முகம் கறுத்துவிடும். அவர்கள் மேக்கம். இரண்டு ஊருக்கும் நடுவே பன்னிரண்டு மைல்தான். ‘வாங்கடா’ என்று கால்பந்து அணியை உற்சாகப்படுத்த நியூகாசிலில் ‘ஹௌவே’ என்பார்கள், சண்டர்லாந்தில் ‘ஹாவே’. அந்த ஓர் உயிரெழுத்துக்காகச் சண்டை நடக்கும். காது பழகாதவர்களுக்கு இந்த வேறுபாடு தெரியாது. பழகியவர்களுக்கு ஊர் மட்டுமல்ல, தெருவே தெரியும்.

அது எவ்வளவு உண்மை என்று 2005 அக்டோபரில் வார்டு முழுக்க ஒரே பேச்சாக இருந்தது. 1970-களின் கடைசியில் யார்க்‌ஷயரில் பெண்களைத் தொடர்ந்து கொன்றுவந்த ஒருவனைப் போலீஸ் தேடிக்கொண்டிருந்தபோது, 1979 ஜூனில் ஓர் ஒலிநாடா வந்தது. நான்தான் கொலைகாரன் என்று ஒரு குரல். லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் வட்டார வழக்கு அறிஞர் ஸ்டான்லி எல்லிஸிடம் போனார்கள். ஹெரால்டு ஆர்ட்டனின் தலைமையில் இங்கிலாந்தின் 313 ஊர்களில் பேச்சைச் சேகரித்த பெருங்கணக்கெடுப்பில் ஊர் ஊராக அலைந்து வேலை பார்த்தவர் எல்லிஸ், ஆர்ட்டனும் டர்ஹம்காரர்தான். எல்லிஸ் நாடாவைக் கேட்டுவிட்டு, இந்தக் குரல் சண்டர்லாந்தின் காஸில்டவுன் பகுதியைச் சேர்ந்தது என்றார். இது ஏமாற்றாக இருக்கலாம் என்று அவரும், உடன் ஆராய்ந்த ஜாக் விண்ட்ஸர் லூயிஸும் எச்சரித்தார்கள். விசாரணையை நடத்தியவர்கள் அந்த எச்சரிக்கையை எடுத்துக்கொள்ளவில்லை, உச்சரிப்பை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். வடகிழக்குப் பேச்சு இல்லாதவர்களைச் சந்தேகப் பட்டியலிலிருந்து நீக்கினார்கள். உண்மையான கொலைகாரன் பீட்டர் சட்கிளிஃப் யார்க்‌ஷயர்க்காரன். 1981 ஜனவரியில் அவன் பிடிபடுவதற்குள் இன்னும் மூன்று பெண்கள் கொல்லப்பட்டார்கள்.

நாடாவை அனுப்பியவனை 2005-ல் உமிழ்நீர் டி.என்.ஏ. காட்டிக்கொடுத்தது. ஜான் ஹம்பிள் என்ற அந்த ஆள், எல்லிஸ் சுட்டிய இடத்துக்கு மிக அருகிலேயே வசித்தவன். 2006-ல் எட்டாண்டு தண்டனை. வார்டில் என் உதவியாளர் அம்மா வெகுநேரம் பேசாமல் இருந்தார். அந்த நாட்களில் தொலைபேசி எண் ஒன்றைச் சுழற்றினால் அந்தக் குரலைக் கேட்கலாம் என்று போலீஸ் ஏற்பாடு செய்திருந்தது. ஊர்ப் பெண்கள் தங்கள் கணவன், அண்ணன் குரலை அதோடு ஒப்பிட்டுப் பார்த்தார்களாம். “எங்க பேச்சையே நாங்க பயந்து கேட்ட காலம் அது” என்றார். அந்த அறிஞரின் காது சரியாகத்தான் கேட்டது. கேட்டதை வைத்து என்ன முடிவு எடுப்பது என்பது அதிகாரத்தில் இருப்பவர் கையில் போய்விட்டது. மருத்துவமனையிலும் இந்தப் பிரிவினை உண்டு என்பதால் அந்தக் கதை என்னை விட்டுப் போகவே இல்லை.

சுரங்கத்துக்கென்று தனிப் பேச்சே இருந்தது, பிட்மேட்டிக் என்று பெயர். வேலைக்குக் கட்டிக்கொண்டு போகும் சோறு ‘பெய்ட்’. பக்கத்தில் நின்று வேலை செய்யும் கூட்டாளி ‘மாரா’. நிலக்கரி முகப்பை நோக்கிப் போவது ‘இன்பை’, வெளியே இறங்குகுழிப் பக்கம் திரும்புவது ‘அவுட்பை’. எந்த மூலையில் யார் தோண்டுவது என்று சீட்டுக் குலுக்கிப் போடுவது ‘கேவில்’. ஈரமான, நெருக்கமான மூலை யாருக்கு விழும் என்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது, அதனால் சண்டை இல்லை. பில் கிரிஃபித்ஸ் என்ற கவிஞர் இந்தச் சொற்களை அகராதியாக்கி 2007-ல் வெளியிட்டார். அவர் லண்டன் பக்கத்திலிருந்து சீயமுக்கு வந்து குடியேறியவர், பழைய ஆங்கிலம் படித்த அறிஞர். அதே ஆண்டு இறந்தும் போனார். வார்டுக்கு ஒரு பிரதி வாங்கி வைத்தோம். நோயாளிகள் அதைப் பிடுங்கிப் படித்துவிட்டு, இது தப்பு, எங்கள் சுரங்கத்தில் இப்படிச் சொல்லமாட்டோம் என்று பென்சிலால் ஓரத்தில் எழுதினார்கள். அந்தப் பென்சில் குறிப்புகள் எனக்குப் புத்தகத்தைவிடப் பிரியமானவை.

ராத்திரியில் மனக்குழப்பம் வரும் முதியவர்களை அந்தச் சொற்களால்தான் கையாள முடிந்தது. ஒருவர் கட்டிலிலிருந்து இறங்கி, வார்டின் இருட்டான கோடியை நோக்கி நடப்பார். எங்கே போகிறீர்கள் என்றால் இன்பை என்பார். கட்டிலுக்குப் போங்கள் என்று சொன்னால் கோபம் வரும், கையை உதறுவார். ஷிப்ட் முடிந்தது, அவுட்பை போகலாம் என்று சொன்னால் போதும். தோளைத் தளர்த்தி, என் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவார். பக்கத்துக் கட்டில்காரரைப் பார்த்து மாரா என்று அழைத்து, ‘தூ’ போட்டுப் பேசுவார். பொது ஆங்கிலம் தொலைத்துவிட்ட ‘நீ’ அது. என்னிடம் ஒருபோதும் தூ சொன்னதில்லை. பெண்களிடமும் அயலாரிடமும் ‘யீ’தான். மரியாதைக்கு ஒன்று, நெருக்கத்துக்கு ஒன்று என்று இரண்டு முன்னிலையோடு வளர்ந்தவள் நான் என்பதால், அரைத்தூக்கத்திலும் அவர் அந்த வரம்பைக் காத்தது எனக்குச் சட்டென்று புரிந்தது. குழப்பம் என்று பதிவேட்டில் எழுதப்பட்ட மனிதரின் இலக்கணத்தில் ஒரு குழப்பமும் இல்லை.

‘ஷை பேர்ன்ஸ் கெட் நவுட்’ என்று அங்கே ஒரு பழமொழி. கூச்சப்படும் குழந்தைக்கு ஒன்றும் கிடைக்காது. அழுத பிள்ளை பால் குடிக்கும் என்று நாம் சொல்வதுதான். இதைச் சொல்லிக்கொண்டே, தங்களுக்கு வேண்டியதைக் கேட்காமல் படுத்திருப்பார்கள். பேரப்பிள்ளைக்குச் சொல்லும் புத்தி அது.

வார்டில் மூத்தவளான பிறகு ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தேன். நோயாளி சொன்னதை மேற்கோள் குறிக்குள் அவர் சொன்ன மாதிரியே முதலில் எழுத வேண்டும். நம் விளக்கமும் அளவுகளும் அதன்பின். இது தொழில்முறைக்குப் பொருந்தாது என்று ஒரு மேலதிகாரி ஆட்சேபித்தார். ‘வயிற்று அசௌகரியம்’ என்று நாம் மாற்றி எழுதிவிட்டால், அடுத்த ஷிப்டில் வருகிற ஊர்க்காரச் செவிலியருக்கு அவர் ‘வார்க்’ என்றாரா, வேறு எதையாவது சொன்னாரா என்று தெரியவே வழி இல்லாமல் போகும் என்றேன். பழைய தாள்களை எடுத்துக் காட்டினேன். ஒத்துக்கொண்டார்.

அதோடு புதிதாக வருகிற கேரள, பிலிப்பைன்ஸ், நைஜீரியச் செவிலியர்களுக்கு ஒரு சொல்தாள். ஒரு பக்கத்தில் தொடங்கியது, இப்போது நான்கு பக்கம். சுரங்கச் சொற்களை எடுத்துவிடலாமா, அந்தத் தலைமுறை போய்க்கொண்டிருக்கிறதே என்று ஆண்டுதோறும் யாராவது கேட்கிறார்கள். ஒருவர் மீதமிருக்கும்வரை இருக்கட்டும் என்கிறேன். இளையவர்களின் சொற்களையும் சேர்த்துக்கொண்டே வருகிறோம். அண்மையில் ஒரு பிலிப்பைன்ஸ் சகோதரி சேர்த்த சொல் ‘கெட்’. டர்ஹம் பாட்டி கெட் சாப்பிட்டேன் என்றால் மிட்டாய் சாப்பிட்டேன் என்று பொருள். சர்க்கரை நோயாளி என்றால் உடனே ரத்தத்தில் சர்க்கரையைப் பார்க்க வேண்டும். வார இறுதி ராத்திரியில் வந்து படுத்திருக்கும் இருபது வயதுப் பையன் கெட் என்றால் அது கெட்டமைன். அவனுக்குப் பார்க்க வேண்டியது மூச்சும் நாடித்துடிப்பும். இரண்டு பொருளையும், இரண்டுக்கும் செய்ய வேண்டியதையும் தன் கையெழுத்தில் எழுதி, தாளின் நான்காம் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள்.